கயிறும் கல்லும் பூவுமா, மூச்சுப் பயிற்சியா?

பயங்கரத்தைக் கண்ட பிள்ளையிடம் அதைப் பற்றிப் பேசலாமா? "கிளறாதீங்க, தானாக மறந்துவிடும்" என்பதுதான் நம் வீடுகளில் வழக்கமான பதில். மனவடுவுக்கான சிகிச்சைகளும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. நடந்ததைச் சொல்லவைப்பது ஒரு வழி. அதைத் தொடாமல் உடம்பையும் மனதையும் அமைதிப்படுத்துவது இன்னொரு வழி.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு இலங்கையில் நடந்தது. போரையும் கண்டு, கடல் பொங்கியதையும் கண்ட 31 பிள்ளைகள். ஆளுக்கு ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள்.

முதல் முறைக்குப் பெயர் 'கிட்நெட்'. தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். அதுதான் பிள்ளையின் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். அப்புறம் பிறந்ததிலிருந்து வரிசையாக வந்து, ஒவ்வொரு கல்லருகிலும் நின்று பேசுவார்கள். என்ன பார்த்தாய், என்ன சத்தம் கேட்டது, நெஞ்சு எப்படி அடித்தது, இப்போது எப்படி இருக்கிறது? துணையாளர் அதை எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டுவார், பிள்ளை திருத்தும். மனவடுப்பட்ட நினைவுக்குத் தேதி கிடையாது. ஏதோ ஒரு சத்தம் போதும், இப்போதே நடப்பதுபோல் எழுந்து வரும். கயிறு அதை "அன்று, அங்கே" என்று ஓர் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

இரண்டாவது முறை தியானமும் தளர்வும். மூச்சைக் கவனிப்பது, உடலைத் தளர்த்துவது. கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். கோயில், பிரார்த்தனை என்று வளர்ந்த பிள்ளைக்கு இது அந்நியமாகவும் தெரியாது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கிட்நெட் பெற்றவர்களில் 81 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். தியானக் குழுவில் 71 சதவீதம். பத்து சதவீதம் பெரிதாகத் தெரியலாம். ஆனால் குழுவுக்குப் பதினைந்து பதினாறு பேர் என்றால் அது ஓரிரு பிள்ளைகள்தான். எதுவுமே கொடுக்காத மூன்றாவது குழு இல்லாததால், எத்தனை பேர் தாமாகவே தேறியிருப்பார்கள் என்பதும் இதிலிருந்து தெரியாது. ஆகவே கிட்நெட் வென்றது என்று நான் எழுதமாட்டேன். பேசினால் பிள்ளை உடைந்துவிடும் என்ற பயத்துக்கு இங்கே ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்வேன்.

உலக அளவில் அதிகம் சோதிக்கப்பட்டது வேறொன்று: மனவடு சார்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். முதலில் அமைதிப் பயிற்சி, பிறகு நடந்ததைச் சொல்வது என்று மேலே சொன்ன இரண்டையுமே அது உள்ளே வைத்திருக்கிறது. பெற்றோருக்கும் கூடவே அமர்வுகள் உண்டு. அதன் பலம் அதுதான். பெற்றோரையே இழந்த பிள்ளைக்கு இன்னொரு பராமரிப்பாளர் வந்து உட்கார வேண்டும். இடம்பெயர்ந்தோர் முகாமில் அது லேசில் அமையாது. கண்ணசைவைக் கொண்டு செய்யும் இஎம்டிஆர் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்தது. அதில் பேச்சு குறைவு, ஆனால் பயிற்சி பெற்றவர் கட்டாயம் வேண்டும்.

சரி, வகுப்பு முழுவதற்கும் சேர்த்துச் செய்தால் செலவு குறையுமே? வட இலங்கையில் 399 மாணவர்களோடு அதையும் பார்த்தார்கள். விளையாட்டு, நாடகம், ஓவியம் என 15 அமர்வுகள். 2012இல் முடிவு வெளியானது. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. பையன்களுக்கு மனவடு அறிகுறிகளிலும் பதற்றத்திலும் ஓரளவு பலன். ஆனால் பங்கேற்ற பெண்பிள்ளைகளைவிட, ஒப்பிடுவதற்காக அப்போது எதுவும் கொடுக்காமல் காத்திருக்கவைத்த பெண்பிள்ளைகளுக்கே மனவடு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன! அன்றாடப் போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளிடம் பலன் கூடுதல். "எல்லோருக்கும் கொடுப்போம், கெடுதல் என்ன வரப்போகிறது" என்பவர்களிடம் இதைத்தான் காட்டுவேன்.

என்னைக் கேட்டால், கெட்ட கனவில் அலறி எழும் பிள்ளைக்கு, பயிற்சி பெற்றவரும் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் இருந்தால் கயிறு. அடுத்த கூடாரத்துக்குக் கேட்கும் தூரத்தில் உட்கார வேண்டியிருந்தால் மூச்சு. அடிக்கிறவர் இன்னும் அதே வீட்டில் இருந்தால் இரண்டுமே அப்புறம்; முதலில் பிள்ளையை அங்கிருந்து வெளியே கொண்டுவர வேண்டும்.