கண்மாய்க் களியில் ஜல்லித் தூண்: குடோன் தளத்துக்கு ஸ்டோன் காலம் இறக்கிய குழுவின் வேலை எப்படி?

மேலூர் பக்கம், பழைய கண்மாயை ஒட்டிய நஞ்சையில் எழும்பும் ஒரு குடோனுக்கு உள்ளூர்க் குழு ஒன்று ஸ்டோன் காலம் (stone column, இளகிய மண்ணில் ஜல்லியை இடித்து இறுக்கிய தூண்) இறக்கியிருக்கிறது. விட்டம் 500 மி.மீ., ஆழம் 6 மீட்டர், முக்கோண அமைப்பில் 1.5 மீட்டர் இடைவெளி. 6 மீட்டருக்கும் கால் புதையும் களி, அடியில் மக்கிய பாறை. இந்த மண்ணுக்கு இது பொருத்தமான முறைதான். பாறை 2, 3 மீட்டரிலேயே தட்டுப்பட்டிருந்தால் களியைத் தோண்டி எறிந்துவிட்டுக் கிராவல் நிரப்புவதே மலிவு.

துளை சரியாமல் தாங்கும் இரும்புக் குழாயான கேசிங் பைப்பை இறக்கி, உள்ளிருக்கும் களியை அள்ளி, ஜல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, 1.5 முதல் 2 டன் இரும்புக் குண்டை வின்ச்சால் தூக்கிப் போட்டு இடிக்கிறார்கள். முதல் சில அடிகளில் குண்டு தொம்மென்று அமுங்குகிறது. ஜல்லி பக்கவாட்டில் களியைத் தள்ளி இறுகியதும் சத்தம் கனக்கிறது, கம்பி வடம் லேசாகத் துள்ளுகிறது. அதுவரை அவசரப்படாமல் இடித்தது பாராட்ட வேண்டிய வேலை. நடுவில் ஆரம்பித்து வெளியே நகர்ந்ததும் சரி. ஓரத்தில் தொடங்கினால் நடுவில் அடைபட்ட களி மேலே பொங்கிவிடும்.

குறை, கேசிங்கை உருவும் விதத்தில். பைப்பின் நுனி எப்போதும் ஜல்லிக்குள் முங்கியிருக்க வேண்டும். மாலையில் வேலையை முடிக்கும் வேகத்தில் நுனி ஜல்லியைவிட மேலே வந்துவிட்டால், அந்த இடைவெளியில் களி சரிந்து தூணின் கழுத்தை நெரித்துவிடும். பாரம் ஏறும்போது தூண் பிதுங்குவது விட்டத்தைப் போல 4 மடங்கு ஆழத்துக்குள், அதாவது இங்கே மேல் 2 மீட்டரில். கழுத்து அங்கே விழுந்தால் அந்தத் தூண் இருந்தும் இல்லாத மாதிரி.

வெளியிலிருந்து இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஜல்லிக் கணக்கு. 6 மீட்டர் தூணின் கன அளவு சுமார் 1.18 கன மீட்டர். இடித்து இறுகுவதைச் சேர்த்தால் ஒரு தூணுக்கு ஏறக்குறைய அரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி, சுமார் 2.83 கன மீட்டர்) ஜல்லி போக வேண்டும். கால் யூனிட்டோடு நிரம்பிவிட்டது என்றால் உள்ளே களி இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் குழு மீட்டர் கணக்கில்தான் பில் போடுகிறது, அதில் ஜல்லி அளவு தெரியாது. தூண் வாரியாக ஜல்லி ரிஜிஸ்டரை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

ஒரு லோடு ஜல்லியில் கிரஷர் தூசி அதிகம். கையில் அள்ளினால் உள்ளங்கை வெள்ளையாகிறது. களியின் நீர் வடிந்து வெளியேறும் பாதையும் இந்தத் தூண்தான். தூசி அடைத்துக்கொண்டால் மண் இறுகுவது தாமதமாகும். அந்த லோடைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

தூண்மீது பாரம் ஏற்றி அமுக்கத்தை அளக்கும் லோடு டெஸ்ட் ஒற்றைத் தூணுக்கு மட்டும் செய்தார்கள். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 15284 ஒற்றைத் தூணுக்கு வடிவமைப்புப் பாரத்தில் 10-12 மி.மீ., மூன்று தூண் கூட்டத்துக்கு 25-30 மி.மீ. அமுக்கத்தை வரம்பாகச் சொல்கிறது. குடோன் தளத்துக்குக் கூட்டச் சோதனைதான் உண்மையைச் சொல்லும், ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தூண்களின் தலையில் இறுக்கம் குறைந்த பகுதியைச் சீவிவிட்டு, அதன்மேல் அரை மீட்டர் மணல் அல்லது கிராவல் மெத்தை போட்டு ரோலர் ஓட்டுவதும் அதில் இருக்கட்டும். இவர்கள் ரோலர் வேலையைத் தனிக் கூலி என்கிறார்கள்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசலுக்கும் இதையே போட்டுத் தருவதாக இதே குழு சொல்வதை ஏற்க முடியாது. அங்கே சிக்கல், மண் அமுங்குவதல்ல. மழையில் உப்பி வெயிலில் வெடிப்பது. ஜல்லித் தூண் அதை நிறுத்தாது, தண்ணீரைக் கீழே இறக்கி உப்பலைக் கூட்டவும் செய்யலாம். கரிசலில் வீடு கட்டுபவர்கள் அண்டர்-ரீம்டு பைலை (அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்) கேளுங்கள்.