ஐந்து பேருக்கு க்ரூஸ் கேபின்: ஒரே அறையா, இரண்டு அறைகளா?

க்ரூஸ் கப்பலின் கேபின்கள் பெரும்பாலும் இரண்டு பேருக்காகவே கட்டப்படுகின்றன. இரண்டு கட்டில்கள் இருக்கும். சேர்த்துப் போட்டால் ஒரே பெரிய கட்டில். மூன்றாவது ஆளுக்குச் சோஃபா விரிந்து படுக்கையாகும். நான்காவது ஆளுக்குக் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ ஒரு படுக்கை இறங்கும். நான்கு பேர் வரை இப்படிச் சமாளிக்கலாம். ஐந்தாவது ஆள் சேர்ந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. முன்பதிவுத் தளத்தில் ஐந்து பேர் என்று போட்டுத் தேடினால், ஒன்று கேபினே இல்லை என்று வரும், அல்லது கப்பலிலேயே விலை அதிகமான, சூட் எனப்படும் பெரிய சொகுசு அறையை மட்டும் காட்டும். மூன்று குழந்தைகள் உள்ள பல குடும்பங்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பயண ஆசையையே விட்டுவிடுகின்றன. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தளம் காட்டாத வழிகள்தான் பெரும்பாலும் மலிவானவை.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் கட்டணம் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். விளம்பரத்தில் வரும் விலை, ஒரு கேபினை இரண்டு பேர் பகிரும்போது ஓர் ஆளுக்கு ஆகும் விலை. முதல் இரண்டு பேர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் குழந்தையாக இருந்தாலும்கூட. மூன்றாவது ஆளிலிருந்து கட்டணம் பொதுவாகக் குறையும். துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்கு இவ்வளவு என்று தனியாகச் சேரும். டிப்ஸும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்றுதான். கைக்குழந்தைகளுக்கு மட்டும் சில நிறுவனங்கள் விலக்குத் தருகின்றன. ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்தாலும் இரண்டு அறைகளில் இருந்தாலும் இந்த உதிரிச் செலவுகள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஒப்பிட வேண்டியது அடிப்படைக் கட்டணத்தை, அதுவும் ஐந்து பேருக்கும் சேர்த்த மொத்தத்தை. ஓர் ஆளுக்கு என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருந்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

ஐந்து பேரும் ஒரே கேபினில்

இப்படிப்பட்ட கேபின்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாக் கப்பல்களிலும் இல்லை. டிஸ்னி க்ரூஸ் லைன் இதில் முன்னணியில் நிற்கிறது. அதன் குடும்பக் கேபின்களில் ஐந்து பேர் தங்கலாம். 1998-இல் வந்த மேஜிக், 1999-இல் வந்த வொண்டர் கப்பல்களில் பால்கனியோடு சேர்த்து சுமார் 304 சதுர அடி. குளியலறையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: கழிவறையும் வாஷ்பேசினும் ஒரு பக்கம், குளிக்கும் தொட்டியும் இன்னொரு வாஷ்பேசினும் மறுபக்கம். காலையில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கிளம்பும்போது இந்தப் பிரிவினை எவ்வளவு உதவும் என்பதைக் குடும்பம் நடத்துபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டிஸ்னியின் அடிப்படைக் கட்டணமே மற்ற பெரிய நிறுவனங்களைவிடப் பொதுவாக அதிகம். ஐந்து பேருக்கு இடம் கிடைத்தாலும் மலிவு கிடைப்பது கடினம்.

செலவை முதலில் பார்ப்பவர்களுக்குக் கார்னிவல் நிறுவனம் நல்ல தேர்வு. அதன் ட்ரீம், மேஜிக் (டிஸ்னியின் மேஜிக் வேறு), ப்ரீஸ் போன்ற கப்பல்களில் ஐந்து பேர் தங்கும் டீலக்ஸ் ஓஷன் வியூ கேபின்களில் இரண்டு குளியலறைகள் உண்டு: ஒன்று முழுமையானது, இன்னொன்றில் சின்னத் தொட்டியும் வாஷ்பேசினும். பால்கனி இல்லை, சன்னல் மட்டும்தான். அதனால்தான் விலையும் கைக்குள் நிற்கிறது. 2016-இல் வந்த விஸ்டாவிலும் அதே வகைக் கப்பல்களிலும் ஃபேமிலி ஹார்பர் என்று குடும்பங்களுக்கென்றே ஒரு பகுதியும் உண்டு.

ராயல் கரீபியன் நிறுவனம் ஆறு பேர் வரை தங்கும், சன்னல் இல்லாத உள் கேபின்களையும் சன்னல் கேபின்களையும் தன் பெரிய கப்பல்களில் வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் குழந்தைகளுக்கென்று தனி மூலையில் அடுக்குக் கட்டில் வைத்த கேபின்கூட உண்டு. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் புதுக் கப்பல், புது வகைக் கேபின் என்றால் அதற்கேற்ற விலையும் கூடவே வரும்.

இந்த வழியின் பெரிய சிக்கல் எண்ணிக்கை. ஆயிரக்கணக்கான கேபின்கள் உள்ள கப்பலில் ஐந்து பேர் தங்கக்கூடியவை கொஞ்சம்தான். பள்ளி விடுமுறைக் காலத்தில் முதலில் விற்றுத் தீர்வதும் இவைதான். கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்களுக்கு இந்தக் கேபின்கள் அநேகமாகக் கிடைக்காது.

இரண்டு கேபின்கள்

நான் பரிந்துரைப்பது இதைத்தான், முக்கியமாக இரண்டு உள் கேபின்கள். சன்னல் இருக்காது, அறை சிறியது. ஆனால் இரண்டு குளியலறைகள், இரண்டு அலமாரிகள், இரண்டு கதவுகள். சின்னக் குழந்தை சீக்கிரம் தூங்கிவிட்டால், மற்றவர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். உள் கேபினில் ஓர் ஆளின் முழுக் கட்டணம் 100 என்றும், மூன்றாவது ஆளுக்கு 50 என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் அறையில் மூன்று பேர், இன்னோர் அறையில் இரண்டு பேர் என்றால் நான்கு முழுக் கட்டணம் 400, கூடுதலாக 50; ஆக 450. ஐந்து பேர் தங்கும் சன்னல் கேபினில் முழுக் கட்டணம் 150, கூடுதல் ஆட்களுக்கு 60 என்றால், 300-உம் 180-உம் சேர்ந்து 480. அதாவது இரண்டு அறைகள் எடுத்தும் செலவு குறைவு. இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் நிஜ விலைப்பட்டியல்களில் இந்த மாதிரிக் கணக்கு அடிக்கடி வரும். இரண்டு கேபின் என்றால் இரு மடங்கு செலவு என்று நினைத்து அந்தப் பக்கமே திரும்பாமல் போகிறவர்கள் நிறையப் பேர்.

கணக்கு தலைகீழாக மாறும் நேரமும் ஒன்று உண்டு. மூன்றாவது, நான்காவது ஆளுக்கு இலவசம் என்று சில சலுகைகள் வரும். எம்எஸ்சி போன்ற சில நிறுவனங்கள் சில பயணங்களில், பெற்றோரோடு ஒரே அறையில் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் வரி மட்டும் வாங்குவதும் உண்டு. அப்போது மேலே சொன்ன இரண்டு உள் கேபின்களுக்கு 400 ஆகும். ஐந்து பேர் கேபினோ, மூன்று பிள்ளைகளும் இலவசம் என்றால் 300-உடன் முடிந்துவிடும். சலுகை நான்காவது ஆளோடு நின்றுவிட்டால்கூட 360-தான். அதனால் சலுகை என்று பார்த்ததும், அது ஐந்தாவது ஆளுக்கும் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிலைப் பொறுத்து முடிவே மாறலாம்.

இரண்டு அறைகள் என்றால் எப்படி அமைந்த இரண்டு அறைகள் என்பதும் முக்கியம். நடுவில் கதவு வைத்த அறைகள் முதல் வகை. டெக் (கப்பலின் தளம்) வரைபடத்தில் இரண்டு கேபின்களுக்கு நடுவே பெரும்பாலும் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதன் பொருள் இந்தக் கதவு. பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டாவது வகை. இவற்றுக்கு நடுவே கதவு கிடையாது. பால்கனி அறைகளாக இருந்தால் நடுத் தடுப்பைத் திறந்துவிடும்படி பணியாளரிடம் கேட்கலாம், பல கப்பல்களில் திறந்துவிடுவார்கள். எதிரெதிர் அறைகள் மூன்றாவது வகை: பெற்றோர் பால்கனி கேபினில், பிள்ளைகள் நடைபாதைக்கு எதிரே உள் கேபினில். இரண்டு பால்கனி எடுப்பதைவிட இது எவ்வளவோ குறைவு, கடலும் எல்லாருக்கும் பொதுவாகிவிடும். பிள்ளைகள் பதின்வயதில் இருந்தால் இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியவில்லை. குழந்தைகள் சிறியவர்கள் என்றால் நடுக் கதவு உள்ள அறைகளுக்கே முயலுங்கள். 2017-இல் வந்த மெராவிலியா வகைக் கப்பல்களில் எம்எஸ்சி இரண்டு மூன்று அறைகளை இணைத்துப் பத்துப் பேர் வரை தங்கும்படி செய்திருக்கிறது. தாத்தா பாட்டியும் கூட வருவதாக இருந்தால் அதைப் பார்க்கலாம்.

இங்கே வயது விதி ஒன்று குறுக்கிடும். ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. வட அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பல பயணங்களில் அந்தப் பெரியவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். வேறு பல இடங்களில் 18 போதும். பெற்றோர் பக்கத்து அறையில் இருந்தால் விலக்குக் கொடுப்பார்கள், ஆனால் எவ்வளவு பக்கம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இணையத்தில் பதிவு செய்யும்போது அறைக்கு ஒரு பெற்றோர் என்று பெயரைப் போட்டுவிட்டு, கப்பலில் ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் இரண்டு அறைக்கும் கூடுதல் சாவி அட்டை கேட்டு வாங்கிக்கொள்வது பல குடும்பங்கள் செய்யும் வழி. அப்படிச் செய்தால், ஆபத்து நேரத்தில் யார் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று அட்டையில் போட்டிருப்பதை ஐந்து பேரும் முதல் நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பெயரைப் பிரித்துப் போடுவதில் சின்ன லாபமும் உண்டு. ஒரே அறையில் உள்ள பெரியவர்களில் ஒருவர் மதுபானத் திட்டம் வாங்கினால் இன்னொருவரும் வாங்க வேண்டும் என்ற விதி சில நிறுவனங்களில் இருக்கிறது. தனித்தனி அறையில் பதிந்திருந்தால் அது பொருந்தாது. கப்பலில் செலவழிக்க அறைக்கு இவ்வளவு என்று தரும் சலுகைத் தொகையும் இரண்டு அறைக்கு இரண்டாக வரும்.

நான்கும் ஒன்றும்

நான்கு பேர் ஓர் அறையில், ஒருவர் தனியாக. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் தனி ஆள் பெரும்பாலும் இரண்டு பேரின் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். நம் உதாரணத்தில் 300-உம் 200-உம் சேர்ந்து 500. மூன்றும் இரண்டுமாகப் பிரித்தால் 450-தான். நார்வீஜியன் நிறுவனம் 2010-இல் எபிக் கப்பலில் கொண்டுவந்த ஸ்டுடியோ கேபின்கள் தனியாக வருபவர்களுக்கென்றே விலை வைத்தவை. ஐந்தாவது ஆள் வளர்ந்த பிள்ளையாகவோ அத்தையாகவோ இருந்து, தனியாக இருக்க விரும்பினால் விசாரித்துப் பார்க்கலாம். மற்றபடி இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

சூட்

இடம் தாராளம், கவனிப்பும் தனி. நார்வீஜியனின் ஹேவன் என்ற சொகுசுப் பகுதியில் இரண்டு படுக்கையறை வில்லாவில் ஆறு பேர் தங்கலாம். ஆனால் செலவைக் குறைக்கத் தேடுபவர்களுக்கு அது தொலைதூரம். பெயரில் சூட் என்று இருப்பதால் ஐந்து பேர் தங்கலாம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஜூனியர் சூட் பலவற்றில் நான்கு பேர்தான்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான கேபின்கள் அகலமாக இருப்பதைப் பார்த்து, அதை எடுத்தால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். அவை கப்பலில் மிகக் குறைவு. அது இல்லாவிட்டால் பயணமே போக முடியாதவர்களுக்கானவை. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பதிவு செய்யும் நேரம்

ஐந்து பேர் கேபின்தான் வேண்டும் என்றால் பயண அட்டவணை வெளியானதும் பதியுங்கள். பெரிய நிறுவனங்கள் ஓர் ஆண்டுக்கும் மேலாக முன்கூட்டியே அட்டவணையைத் திறந்துவிடுகின்றன. திரும்பப் பெறக்கூடிய முன்பணம் கட்டிப் பிடித்து வைத்துக்கொண்டால், பிறகு விலை இறங்கும்போது மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் பல இடங்களில் வழி இருக்கிறது.

எந்தக் கேபின் என்று நிறுவனமே பிறகு முடிவு செய்யும் மலிவு வகைக் கட்டணம் ஒன்று உண்டு. இரண்டு அறைகள் எடுக்கும் குடும்பம் அதைத் தொடவே கூடாது. ஓர் அறை மூன்றாம் டெக்கிலும் இன்னோர் அறை பத்தாம் டெக்கிலும் போய் விழலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குப் புரியாமல் இருக்கும். மூன்று பேர் தங்கும் கேபின் காலியாக இருக்கும், ஆனால் மூன்று பேருக்கு விற்க மாட்டார்கள். உயிர்காப்புப் படகுதான் காரணம். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-இல் சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு உடன்படிக்கை உருவானது. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம் இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து வந்த விதி. கப்பலின் ஒரு பகுதிக்குரிய படகுகள் நிரம்பிவிட்டால், அந்தப் பகுதியில் படுக்கை காலியாக இருந்தாலும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது. கைக்குழந்தையும் இந்தக் கணக்கில் ஓர் ஆள். நான்கு பேர் கேபினில் மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று ஐந்தாவதாகக் குழந்தையைச் சேர்க்க முடியாது. ஆறு மாதம் ஆகாத குழந்தைகளைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றிக்கொள்வதும் இல்லை. கடலைக் கடக்கும் நீண்ட பயணம் என்றால் பன்னிரண்டு மாதம்.

இதனால்தான் இணையத் தேடலில் இல்லை என்று வந்தாலும் தொலைபேசியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று சொல்கிறேன். அதே கப்பலில் வேறு பகுதியில் இடம் இருக்கலாம். இறுதித் தவணை கட்டும் நாள் பயணத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால் வரும். அந்த நாளை ஒட்டிப் பலர் பதிவை விட்டுவிடுவார்கள், நடுக் கதவு வைத்த அறைகளும் ஐந்து பேர் கேபின்களும் மறுபடி பட்டியலுக்கு வரும். அந்த வாரம் தினமும் பாருங்கள்.