புத்தகம் போட்டுத் தருகிறோம் என்றவர்களிடம் 46,800 ரூபாய் போனது: எழுதுகிறவர்கள் தயவுசெய்து படிக்கவும்

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டிலிருந்து திரும்பியதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. 46,800 ரூபாய். என் தீபாவளி போனஸும், வீட்டுக்காரி மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணமும் சேர்ந்த தொகை. நாவலைப் புத்தகமாக்கித் தருகிறோம் என்ற ஒரு ஆன்லைன் கம்பெனிக்கு அதைத் தூக்கிக் கொடுத்தேன். கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. மனு கொடுக்கும்வரை வாயைத் திறக்காதே என்று வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் மச்சான் சொல்லியிருக்கிறான். '90 நாளில் நீங்களும் எழுத்தாளர்' என்று போனைத் திறந்தாலே விளம்பரம் வருமே, அந்த வகை. நாவலின் பெயரையும் சொல்லப் போவதில்லை, அதைத் தேடினால் அவர்கள் பெயர் வந்து நிற்கும். இவர்களிடம் போகும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பத்தொன்பது வருடமாக அதே வேலை. ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது, ஷேடு மாறியது என்று பீஸைப் புரட்டிப் பார்த்து, நல்லதை ஏற்றுமதிக்கும் மற்றதை செகண்ட்ஸ் மூட்டைக்கும் தள்ளுவோம். செகண்ட்ஸ் மலிவு விலைக்கு விற்க இங்கே காதர்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்விடும். அந்த மேஜையில் நின்றபோதுதான் ஒருநாள் தோன்றியது: மனிதர்களையும் பிறக்கும்போதே இப்படிப் பிரித்துவிட்டால்?

நான்கு வருடம், ராத்திரியில் உட்கார்ந்து எழுதினேன். கதை 2094-இல் நடக்கிறது. காசு உள்ளவர்கள் கருவிலேயே பிள்ளையின் ஜீனைத் திருத்தி, பிறப்புச் சான்றிதழில் 'ஃபர்ஸ்ட்ஸ்' என்று முத்திரை வாங்கிவிடுகிறார்கள். இயல்பாகப் பிறந்ததெல்லாம் செகண்ட்ஸ். பள்ளிக்கூடம், வேலை, பெண் கொடுப்பது, வங்கிக் கடன் எல்லாம் அந்த முத்திரைப்படிதான். பதிவு ஆபீசில் கூட்டிப் பெருக்கும் அம்சவேணி ஒரு செகண்ட்ஸ். அங்கே ஒரு குமாஸ்தா கொலையாகிறான். அவன் ஒளித்து வைத்த கோப்பு அவள் கையில் கிடைக்கிறது. ஒரே வருடத்தில் பிறந்த நானூறு ஃபர்ஸ்ட்ஸ் பிள்ளைகளுக்குத் திருத்தமே நடக்கவில்லை, சான்றிதழை மட்டும் விற்றிருக்கிறார்கள். அந்த நானூறு பேரில் ஒருவன் இப்போது மந்திரி. அப்புறம் நொய்யல் கரையில் ஒரே ஓட்டம்தான்.

சும்மா வாய்க்கு வந்ததை எழுதவில்லை. 1883-இல் இங்கிலாந்துக்காரர் கால்ட்டன், 'நல்ல வம்சத்தை' மட்டும் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உண்டாக்கியது, 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கேரி பக் என்ற பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னது, 2018-இல் சீனாவில் ஹே ஜியான்குய் கருவிலேயே ஜீனைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்ததாக அறிவித்து மறுவருடம் மூன்று வருடச் சிறைத்தண்டனை வாங்கியது என்று ஆறு பக்கத்துக்குப் பின்னிணைப்பு வைத்திருந்தேன். ஜீனைக் காட்டி மருத்துவக் காப்பீட்டையோ வேலையையோ மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2008-இல் சட்டம் வந்தது. ஆயுள் காப்பீட்டை அது தொடவில்லை. என் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அந்த ஓட்டைக்குள்தான் நடக்கிறது.

சரி, ஏமாந்த இடத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பினேன். நான்காம் நாள் 'தர மதிப்பீட்டு அறிக்கை' வந்தது. நான்கு பக்கம், கலர், மேலே தங்க முத்திரை. கதைக்களம் 9.5, மொழி 8.8, பாத்திரப் படைப்பு 9.3, மொத்தம் 9.2. "நூறு படைப்புகளில் மூன்று மட்டுமே எட்டும் பிரீமியம் பிரிவுக்கு உங்கள் படைப்பு தேர்வாகியுள்ளது." அன்று சாயங்காலமே ஒரு பெண் போன் செய்தார்.

"எழுத்தாளர் சார், கடைசில என்ன ஆகுது சார்? நைட்டெல்லாம் தூங்கவே முடியல."

என்னை அதுவரை யாரும் எழுத்தாளர் என்று கூப்பிட்டதில்லை. கம்பெனியில் 'செக்கிங்கண்ணா'தான். அந்த ஒரு கேள்வியில் விழுந்தேன். ஒப்பந்தத்தைப் படித்து விழவில்லை, கணக்குப் பார்த்து விழவில்லை. யாரோ ஒருத்தர் என் கதையைப் படித்துத் தூங்காமல் இருந்தார் என்று நினைத்ததில் விழுந்தேன். ஜிபேயில் 15,000 அப்போதே போனது.

வீட்டுக்காரி அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, நூத்துல மூணுன்னு போட்டிருக்குதே, மிச்சம் தொண்ணூத்தேழு பேரு யாருன்னு கேட்டீங்களா?" நான் சிரித்தேன். மார்ச்சில் அவள் சீட்டுப் பணத்தையும் சேர்த்து மீதி 31,800-ஐக் கட்டினேன்.

பில்லை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. எடிட்டிங் 12,000, அச்சு நூறு பிரதிக்கு 11,500, ஈரோடு புத்தகத் திருவிழாவில் வைப்பதற்கு 7,500, காப்புரிமை (காப்பிரைட்) பதிவு 6,000, அட்டை 5,000, ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் 4,800. கூட்டினால் 46,800. இதில் ஐ.எஸ்.பி.என். நம் நாட்டில் இலவசம். மத்திய அரசின் ஏஜென்சி ஒரு பைசா வாங்குவதில்லை. இலக்கியப் படைப்பின் காப்புரிமைப் பதிவுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். பதிவே செய்யாவிட்டாலும் எழுதியவனுக்குத்தான் உரிமை. எனக்கு இதெல்லாம் போன மாதம்தான் தெரியும்.

90 நாள் என்றது 140 நாளாகி, ஜூலையில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. நூறு பிரதிக்குக் காசு வாங்கிவிட்டு உள்ளே முப்பது. பிரித்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். அம்சவேணி 'மரபணுஸ் பேண்ட்' போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறாள்.

முதலில் புரியவில்லை. அப்புறம் தலை சுற்றியது. அவர்களுடைய 12,000 ரூபாய் எடிட்டிங், 'ஜீன்' என்பதைத் தேடி 'மரபணு' என்று ஒரே தட்டில் மாற்றியதுதான். ஜீன்ஸ் மரபணுஸ் ஆகிவிட்டது. ஊரோ திருப்பூர், கதையில் ஜீன்ஸுக்குப் பஞ்சமா? புத்தகம் முழுக்க மரபணுஸ். ஜீன்கள் 'மரபணுகள்' ஆகி ஒற்றைத் தொலைத்துவிட்டன. ஜீனை, ஜீனில் என்று வருகிற இடங்களில் மெஷினுக்குச் சொல் பிடிபடவில்லை, அவை அப்படியே கிடந்தன. ஒரு வரியில் மரபணு, அடுத்த வரியில் ஜீன். இதைப் படிக்கிறவர் எழுதியவனைத்தானே காறித் துப்புவார்?

ஆறு பக்கப் பின்னிணைப்பு ஒன்றரைப் பக்கமாகிவிட்டது. கால்ட்டன் 1883 என்றது 1983 ஆகியிருந்தது. மனிதர் செத்தது 1911-இல்.

அட்டையில் டி.என்.ஏ. சுருளை இடப்பக்கமாக முறுக்கியிருந்தார்கள். நூல் புழங்குகிற எங்களுக்கு இது கண்ணில் குத்தும். முறுக்கில் எஸ் ட்விஸ்ட், இசட் ட்விஸ்ட் என்று இரண்டு உண்டு. நம் பனியன் நூலில் பெரும்பாலும் இசட்தான், உடம்புக்குள் இருக்கும் டி.என்.ஏ.வும் சாதாரணமாக அதே பக்கம்தான் முறுக்கியிருக்கும். என் புத்தகத்தின்மேல் ஓடுவது எஸ். மறுப்பு மெயிலில் இதையும் எழுதினேன். "கிரியேட்டிவ் ஃப்ரீடம் சார்" என்று பதில் வந்தது.

தாள் கையில் எடுத்தாலே வழுக்கிக்கொண்டு போனது. 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) மேப்லித்தோ தாள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. யாரிடம் ஜி.எஸ்.எம். கதை விடுகிறார்கள்? மறுநாள் கம்பெனிக்கு ஒரு பிரதியைக் கொண்டுபோய், துணிக்கு வைத்திருக்கும் ரவுண்டு கட்டரில் என் நாவலின் பதினேழாம் பக்கத்தை வைத்து அழுத்தித் திருகினேன். அந்தக் கட்டர் சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும், எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். தராசில் 0.58 கிராம் காட்டியது. இன்னொரு பக்கம் வெட்டினேன், 0.57. பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டர், "ஏங்ணா, உங்க புக்கையே வெட்டறீங்க?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் கேவலம். தூக்கம் வராத அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாராம். அடுத்து வந்தவர் டிக்கெட் எண் கொடுத்தார். அதற்கடுத்தவர் அந்த டிக்கெட்டை மூடிவிட்டு இன்னொரு எண் கொடுத்தார். மீதி எழுபது பிரதி எங்கே என்றால், "ஆடி மாசம் சார், பிரஸ்ல லேபர் இல்ல." பிழைகளைப் பற்றிக் கேட்டால், "ப்ரூஃப் பி.டி.எஃப். அனுப்பினோமே சார், 48 மணி நேரத்துல பதில் வரலைன்னா ஒப்புதல்னு அர்த்தம்." உண்மைதான், அச்சுக்கு முன் நான் பிழை பார்க்க வேண்டிய அந்தப் பக்கங்களை ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்பியிருக்கிறார்கள். அன்று எங்களுக்கு ஷிப்மெண்ட், இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை. மெயிலைத் திங்கட்கிழமைதான் பார்த்தேன். ஊரான் துணியையெல்லாம் செக் பண்ணுகிறவன் தன் புத்தகத்தைச் செக் பண்ணவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மரபணுஸா?

விற்பனைக் கணக்கைப் பார்க்க ஒரு ஆன்லைன் பக்கம் கொடுத்திருந்தார்கள். நாளுக்கு நாலு தடவை பார்ப்பேன், பூஜ்யம். சந்தேகம் வந்து, வீட்டுக்காரி பெயரில் ஒன்று, பெருந்துறையில் இருக்கும் அக்கா மகன் பெயரில் ஒன்று, கட்டிங் மாஸ்டர் ஒன்று என்று மூன்று பிரதி காசு கொடுத்து வாங்கினோம். மூன்றும் வீடு வந்து சேர்ந்தன. கணக்கில் இன்றைக்கும் பூஜ்யம்.

போன வாரம் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. 'ஈரோடு புத்தகத் திருவிழாவில் உங்கள் நூல்!' புத்தக அடுக்கில் நடுவில் என் அட்டை. கோபமெல்லாம் கரைந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியையும் பையனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டம் தாங்கவில்லை. இரண்டு மணி நேரம் சுற்றி அந்தப் படத்தில் இருக்கும் அரங்கைக் கண்டுபிடித்தோம். கடைக்காரர் என் போனை வாங்கிப் பார்த்தார். "ரேக்கு எங்களுதுதானுங்க. ஆனா இந்தப் புத்தகம் இங்க வந்ததே இல்லீங்க."

பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். கோபி பக்கம், ஓய்வுபெற்ற வாத்தியார். என் போனை எட்டிப் பார்த்தவர் பேசாமல் தன் போனை எடுத்து நீட்டினார். அதே அடுக்கு, அதே இடம், என் அட்டை இருந்த இடத்தில் அவர் அட்டை. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் வரலாறு எழுதியிருக்கிறார். வெளியே வந்து டீ குடித்தோம். அவருக்கும் நான்கு பக்க அறிக்கை. அவருக்கும் 9.2. பாத்திரப் படைப்புக்கு 9.3. வாய்க்காலுக்கு என்ன பாத்திரப் படைப்பு?

"உங்ககிட்டயும் கடைசில என்ன ஆகுதுன்னு கேட்டாங்களாங்க?" என்றேன்.

"கேட்டாங்க தம்பி. தூக்கம் வரலைன்னாங்க. தண்ணி வயலுக்குப் போகும், வேற என்ன ஆகும்?"

அங்கிருந்தே போன் போட்டேன். "ரெண்டு நாள்ல ஸ்டாக் வந்துடும் சார்" என்றது புதுக் குரல். ரெண்டு நாளில் திருவிழாவே முடிகிறதம்மா என்றேன். "அப்ப அடுத்த வருஷம் உங்களுக்குத்தான் சார் முதல் பிரியாரிட்டி."

பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. பெருந்துறை தாண்டியதும், "தொண்ணூத்தேழு பேரும் நாமதானுங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். சான்றிதழை விற்றுப் பிழைக்கிறவர்களைப் பற்றி நான்கு வருடம் எழுதியவன் நான். ஒரு தங்க முத்திரையைப் பார்த்ததும் 46,800-ஐ எண்ணி வைத்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கம்பெனி வேன் வருகிற நேரம் ஆகிவிட்டது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ்.பி.என்.னுக்குக் காசு கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே போட்ட புத்தகம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, தாளைத் தடவிப் பாருங்கள், அந்த எழுத்தாளருக்குக் கணக்கு வந்ததா என்று கேளுங்கள். ப்ரூஃப் எந்த நேரத்தில் வந்தாலும் அன்றைக்கே படியுங்கள். 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை என்பதால் அங்கேயும் போகிறேன்.

வாத்தியாரும் மனு போடுகிறார். அதே 9.2 அறிக்கை உங்களிடமும் இருந்தால் முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நூலின் பெயரும் உங்கள் பெயரும் மட்டும்தான் மாறியிருக்கும், பாருங்கள்.