வெள்ளவத்தையில் விமான டிக்கட் போடப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள் (எங்களுக்குப் போனது 147,800 ரூபா)

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. கடையின் பெயரைப் போடவில்லை, போட்டால் வீண் தொல்லை என்று தம்பி தடுத்துவிட்டான். காலி வீதியில், மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன டிக்கட் கடை. அவ்வளவு தெரிந்தால் போதும். டிக்கட் போடும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. அவருடைய தாத்தா மலாயாவில் ரயில்வேயில் வேலை செய்து பென்சனோடு ஊருக்கு வந்தவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் அப்படி எத்தனையோ வீடுகள், 'மலாயன் பென்சன்காரர் வீடு' என்றுதான் சொல்வார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்குக் கோலாலம்பூரை ஒருமுறை பார்க்க ஆசை. போன வருடம் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததும் பத்துமலை முருகனுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார். சனிக்கிழமை போய் செவ்வாய் இரவு திரும்புவது, மலிவு விமானத்தில், இரண்டு பேர். பெரிய பயணமே இல்லை.

நானே இணையத்தில் போட்டிருக்கலாம். முன்பு ஒருமுறையும் மலிவு விமானத்தில் போனதில்லை, பிழை விட்டுவிடுவேனோ என்ற பயம். அதனால்தான் கடைக்குப் போனேன். கடைக்காரப் பையனுக்கு முப்பது வயதிருக்கும். அம்மாவைக் கண்டவுடன் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான், தேத்தண்ணி வரவழைத்தான். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, பொறுமையாக விளங்கப்படுத்தினான். இந்த விமானங்களில் டிக்கட் காசு இருக்கைக்கு மட்டும்தான், கையில் ஆளுக்கு 7 கிலோதான் விடுவார்கள், பெட்டிக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு, விரும்பிய சீட்டுக்கும் தனிக் காசு, விமான நிலையத்தில் போய் பெட்டிக்குக் கட்டினால் இன்னும் கூட. எல்லாம் உண்மை. உண்மையைச் சொல்லித்தான் என்னை நம்பவைத்தான்.

"அக்கா, இருபது கிலோ பெட்டி ஒண்டு போட்டாச்சு. அம்மாவுக்கு நடைபாதைப் பக்கம் சீட். எல்லாம் சேர்த்து 152,000. வங்கிக் காட்டில எண்டால் மூண்டு வீதம் கூட வரும், காசாத் தந்தீங்கள் எண்டால் நல்லம்."

பக்கத்து வங்கியில் எடுத்துக்கொண்டு வந்து காசாகவே கொடுத்தேன். பிறகு என்னுடைய மின்னஞ்சல் முகவரியைச் சொல்ல வாயெடுத்தேன். இந்த இடத்தைக் கவனியுங்கள்.

"உங்கட ஈமெயிலைப் போட்டால் அவங்கட விளம்பரம்தான் வந்து குவியும் அக்கா. எங்கட ஒபீஸ் ஈமெயிலையும் நம்பரையும் போடுறன். ஏதும் மாறினால் நானே எடுத்துச் சொல்லுவன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ."

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. வெளியே வந்ததும் அம்மா சொன்னார், "நல்ல வளர்ப்பு பிள்ளை அது" என்று.

முதல் அடி கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே விழுந்தது. கவுண்டரில் இருந்த பிள்ளை எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, இந்தப் புக்கிங்கில் பெட்டியே இல்லை என்றார். கடைக்காரன் தந்த தாளை நீட்டினேன். அதில் '20 கிலோ' என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. அது கடை தன்பாட்டில் தட்டிக் கொடுத்த தாள் என்றும், விமான நிறுவனத்தின் கணக்கில் ஆளுக்கு 7 கிலோ கைப்பொதி மட்டும்தான் இருக்கிறது என்றும் அவர் சொன்னபோதுதான் விளங்கியது. விடிவதற்கு முன் நேரம். ஐந்து தரம் அழைத்தேன், அவன் எடுக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். என் காட்டில் 24,500 ரூபா கட்டினேன். கோலாலம்பூரில் இறங்கியதும் வாட்ஸ்அப்பில் செய்தி கிடந்தது: "ஸொறி அக்கா, சிஸ்டம் பிழை. வந்தவுடனே திருப்பித் தாறன்." அதையும் நம்பினேன்.

ஊர் அழகான ஊர், அதைக் குறை சொல்லமாட்டேன். பிரிக்பீல்ட்ஸில் தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே இலங்கைத் தமிழர் கட்டிய கந்தசுவாமி கோயிலுக்குப் போய், தாத்தாவும் இந்த வாசலில் நின்றிருப்பார் என்று அம்மா அழுதார். பின்னேரம் மெர்தேக்கா சதுக்கம், 1957இல் மலாயாவின் சுதந்திரக் கொடி ஏறிய இடம். திங்கட்கிழமை, கடைக்காரன் எழுதித் தந்த திட்டத்தின்படி இரட்டைக் கோபுரம். 41ஆம் மாடிப் பாலத்தில் நின்று ஊரைப் பார்க்கலாம் என்று அம்மாவை ஆசைகாட்டிக் கூட்டிப் போனேன். திங்கட்கிழமைகளில் உள்ளே விடுவதில்லையாம்! வாரம் முழுக்கக் கோலாலம்பூர் டிக்கட் விற்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? 452 மீற்றர் கோபுரத்தைக் கீழே பூங்காவில் இருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பத்துமலை. இரவு 9:40க்குத்தான் விமானம், ஆறுதலாக ஏறலாம் என்று நினைத்தோம். 272 படி. பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா முழுவதும் ஏறினார். இறங்கி வந்து, அந்த 42.7 மீற்றர் முருகன் சிலையின் கீழ் உட்கார்ந்து இளநீர் குடித்தோம். போனில் படமெடுத்தேன். படத்தில் பதிவான நேரம் 1:31. எங்கள் விமானம் 1:25க்குப் புறப்பட்டு விட்டது.

மாலை ஆறரைக்கு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுண்டரில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் இருந்தார். இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அக்கா, உங்க ஃபிளைட் மதியமே போயிருச்சே. டைம் மாத்தி நேத்து காலையிலயே மெயில் போயிருக்கு, மெசேஜும் போயிருக்கு." திரையைத் திருப்பிக் காட்டினார். அங்கே இருந்தது கடையின் மின்னஞ்சல், கடையின் தொலைபேசி இலக்கம். நேற்றே பதில் போட்டிருந்தால் காசில்லாமல் வேறு விமானத்துக்கு மாற்றித் தந்திருப்பார்களாம். இப்போது நாங்கள் வராமல் விட்டவர்கள் கணக்கில். டிக்கட் செத்துவிட்டது.

அடுத்த நாளுக்கு இரண்டு புதிய டிக்கட், ஒருவழி, 109,000 ரூபா. அன்றிரவு தங்க அறை, சாப்பாடு எல்லாம் 14,300. அம்மாவின் பிரஷர் குளிசையை நாலு நாளைக்கு எண்ணித்தான் எடுத்துப் போயிருந்தோம். இரவில் குளிசை தேடி நான் அலைய, அவர் பெட்டியில் கைவைத்தபடி ஒரு கதிரையில் தனியாக இருந்தார். "என்னால்தானே பிள்ளை உனக்கு இவ்வளவு செலவு" என்றார். அந்தச் சொல்லுக்கு அந்தக் கடைக்காரன் என்ன விலை தருவான்?

24,500, 109,000, 14,300. கூட்டிப் பாருங்கள், 147,800 ரூபா.

கொழும்புக்கு வந்த பிறகு நடந்ததுதான் இதைவிட மோசம். முதல் நாள் போன் எடுக்கவில்லை. அடுத்த நாள் போயா (பௌர்ணமி) விடுமுறை, கடை பூட்டு. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை எடுத்து "அண்ணா மீட்டிங்கில" என்றது. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. கடைசியாக வந்த பதில்: "அது எயார்லைன் மாத்தினது அக்கா, அவங்களோட கதையுங்கோ." எயார்லைனுக்கு எழுதினால், முகவர் மூலம் போட்ட டிக்கட், முகவரைக் கேளுங்கள் என்று ஒரே பதில் இரண்டு தரம் வருகிறது. காசாகக் கட்டியதால் வங்கியிடமும் முறையிட வழியில்லை. என் கையில் இருப்பது '152,000 பெறப்பட்டது' என்று எழுதிய ஒரு துண்டு.

முந்தாநாள் தம்பியையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். விமான நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டு, காட்டாமல் எழும்பமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அரை மணித்தியாலம் கழித்துத் திரையைத் திருப்பினான். இருந்தது. திங்கள் காலை வந்தது. நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களுக்கு நடுவில், தடித்த எழுத்தில், இன்னும் திறக்காமலே.

நான் ஒன்றும் பேசவில்லை. அவன்தான் பேசினான். "நீங்களும் வெப்சைட்டில ஒருக்காப் பார்த்திருக்கலாம்தானே அக்கா?"

மாறினால் நானே சொல்வேன் என்று எந்த வாயால் சொன்னானோ அதே வாய். பிறகு, அடுத்த டிக்கட்டில் 10,000 ரூபா குறைத்துத் தருகிறானாம், பேஸ்புக்கில் ஒன்றும் போட வேண்டாமாம். 147,800 ரூபாவுக்கு 10,000, அதுவும் திரும்ப அவனிடமே டிக்கட் போட்டால்! பெட்டிக்கு வாங்கி, போடாமல் விட்ட காசைப் பற்றிக் கேட்டால் "கணக்குப் பார்க்க வேணும்" என்கிறான்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டிக்கட்டில் உங்கள் மின்னஞ்சல், உங்கள் தொலைபேசி இலக்கம். வேறு யாருடையதும் வேண்டாம், கடைக்காரர் என்ன சொன்னாலும். கடையை விட்டு இறங்குவதற்கு முன் உங்கள் போனில் விமான நிறுவனத்தின் தளத்தைத் திறந்து, புக்கிங் இலக்கத்தையும் பெயரையும் போட்டுப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கடைத் தாளை நம்பாதீர்கள். மூன்று வீதம் கூடினாலும் காட்டில் கட்டுங்கள். திரும்புவதற்கு முதல் நாளும் நேரத்தைப் பாருங்கள். கடைக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள், நான் கேட்கவில்லை.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அழைத்துச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை ரசீதுகளோடு நேரில் போய் எழுத்தில் கொடுக்கிறேன்.

காலி வீதி மாடிக் கடையொன்றில் டிக்கட் போட்டு, அவர்களின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு இருப்பவர்கள் இன்றிரவே உங்கள் விமான நேரத்தைப் பாருங்கள். எந்தக் கடை என்று தெரிய வேண்டுமென்றால் இன்பொக்ஸில் கேளுங்கள், சொல்கிறேன்.