பெல்லட் ஸ்டவ்: நாள் முழுக்க சிம்மில் வைப்பதா, எரித்து அணைப்பதா?

அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கிறோம். வீடு வாங்கியபோது வரவேற்பறையில் ஒரு பழைய பெல்லட் ஸ்டவ்வும், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பும், கூடவே வந்தது. ஜனவரியில் வெளியே மைனஸ் 10, மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் என்று இறங்கும் நாட்களில் அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது, மளமளவென்று எரியும், கண்ணாடி பளிச்சென்று இருக்கும். தொல்லையெல்லாம் அக்டோபரிலும் ஏப்ரலிலும்தான். பகலில் 12 டிகிரி, விடியற்காலையில் 2, 3 டிகிரி. வீட்டுக்குக் கொஞ்சம் சூடு போதும். அந்தக் கொஞ்ச சூட்டைக் கரி படியாமல் எப்படி எடுப்பது என்று பிடிபட எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் ஆனது.

வழிகள் மூன்று இருக்கின்றன. ஒன்று, ஸ்டவ்வை சிம்மில் போட்டு நாள் முழுக்க விட்டுவிடுவது. இரண்டு, அறையின் சூட்டைப் பார்த்து ஸ்டவ்வை இயக்கும் தெர்மோஸ்டாட்டில் மாட்டி, வேண்டும்போது நடுத்தர தீயில் நன்றாக எரியவிட்டு, அறை சூடானதும் தானாக அணையவிடுவது. மூன்றாவது, அணையாமலே தீ ஏறி இறங்கும்படி விடுவது, இதை ஹை-லோ என்பார்கள். முதல் குளிர்காலம் சிம்மில் ஓட்டினேன், அடுத்த இரண்டும் எரித்து அணைக்கும் முறையில். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹை-லோவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தானாகப் பற்றவைக்கும் வசதி இல்லாத பழைய ஸ்டவ் வைத்திருப்பவர்களுக்கு எரித்து அணைக்கும் முறை ஒத்துவராது, அவர்களுக்கு மிச்சம் சிம் அல்லது இதுதான். மற்றவர்களுக்கு மிதமான குளிர் நாளில் இதுவும் சிம்மில் ஓட்டுவதும் ஒன்றுதான், ஏனென்றால் 24 மணி நேரத்தில் 20 மணி நேரம் ஸ்டவ் லோவில்தான் கிடக்கும்.

சிம்மில் வைப்பதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. சத்தம் குறைவு. வீட்டின் சூடு ஒரே சீராக இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாக ஒரு தீ எப்போதும் ஆடிக்கொண்டிருப்பது கண்ணுக்கு இதமாகவும் இருக்கும். நானும் அதற்காகத்தான் அப்படி ஓட்டினேன். ஆனால் காலையில் துடைத்த கண்ணாடி சாயங்காலத்துக்குள் பழுப்பேறி, மறுநாள் காலையில் தீயே தெரியாத அளவுக்குக் கறுத்துவிடும். வெளிச்சுவரில் புகைக்குழாய் முடியும் இடத்துக்கு மேலே ஒரு கறுப்புத் திட்டு விழுந்தது. இத்தனைக்கும் மூட்டை மூட்டையாக வாங்கியது நல்ல பெல்லட்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், முடிவே அதில்தான் இருக்கிறது. பெல்லட் என்பது இறுக்கி அழுத்திய மரத்தூள். ஊரில் தகர டின்னில் மரத்தூளைக் கெட்டித்து, நடுவில் ஓட்டை விட்டு எரிப்போமே, அந்த மரத்தூள் அடுப்புக்குப் போகும் அதே சரக்கு. அந்த அடுப்பில் தீ எழும்பி எரிகிற வரை புகை தெரியாது, தீ அமுங்கிக் கனிய ஆரம்பித்தால் கண் எரியும். இங்கேயும் அதே கதைதான். மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூடு பட்டதும் வாயுவாக வெளியேறிவிடும், மிச்சம்தான் தணலாக நின்று எரிவது. அந்த வாயு முழுதாக எரிய நல்ல சூடும், அந்தச் சூட்டிலேயே காற்றோடு கலந்து கொஞ்ச நேரம் இருப்பதும் தேவை. லோவில் ஆகர், அதாவது தொட்டியிலிருந்து பெல்லட்டைத் தள்ளும் திருகு, ஒரு விநாடி சுழன்று நாலைந்து பெல்லட்டைத் தள்ளும், அப்புறம் பல விநாடி சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் எரிகிண்ணம் ஆறிவிடுகிறது. அடுத்து விழும் பெல்லட் வாயுவை விடும்போது அதை எரிக்கிற அளவு சூடு அங்கே இல்லை. எரியாத வாயுதான் கண்ணாடியிலும் குழாயிலும் கரிப்பிசுக்காக ஒட்டுகிறது.

சரி, காற்றைக் குறைத்தால் கிண்ணம் சூடாக இருக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, காற்று வரும் வழியை அடைக்கும் தகடான டேம்பரைக் கொஞ்சம் மூடிப் பார்த்தேன். ஒரு எல்லை வரை அது உண்மைதான். ஆனால் புகையை வெளியே தள்ளும் விசிறியை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. உள்ளே இழுவை குறைந்தால் பாதுகாப்பு ஸ்விட்ச் ஆகரையே நிறுத்திவிடும், அப்படி நிறுத்துவதும் சரிதான். ஆக, பெல்லட்டை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறோம், காற்று அந்த அளவுக்குக் குறைவதில்லை. மிஞ்சிய காற்று தீயைக் குளிரவைக்கிறது, சூட்டையும் வாரிக்கொண்டு வெளியே போகிறது.

பழைய ஸ்டவ்களில் இது கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1 கிலோ காய்ந்த மரம் எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று போதும். 1988இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விறகு ஸ்டவ்களுக்குப் புகை வரம்பு கொண்டுவந்தபோது, எரிபொருளைப் போல 35 மடங்குக்கு மேல் காற்று இழுக்கும் ஸ்டவ்கள் அந்த விதிக்குள் வரவில்லை. அந்த விலக்கைப் பெறவே காற்றை வாரி இறைக்கும்படி செய்யப்பட்ட பெல்லட் ஸ்டவ்கள் நிறைய. 2015இல் விதியைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தார்கள். 2020 மே மாதத்திலிருந்து புதிதாக விற்பவற்றுக்கு மணிக்கு 2 கிராம் துகள் என்பது வரம்பு. எனவே உங்களுடையது அதற்குப் பிந்திய ஸ்டவ் என்றால் நான் சிம்மைப் பற்றிச் சொல்கிற குறையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள். கீழிருந்து பெல்லட்டைத் தள்ளி, புகையின் சூட்டை அளந்து தீனியைக் கூட்டிக் குறைக்கிற வகை ஸ்டவ் ஒன்று நண்பர் வீட்டில் இருக்கிறது. லோவிலும் அதன் கண்ணாடி என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் சில நாட்கள் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன், நான் ஓட்டிப் பழகியது இல்லை.

என்னை மாற்றியது பராமரிப்பு. கண்ணாடி கறுப்பது கண்ணுக்குத் தெரிகிற சின்ன விஷயம். அதே கரி, கண்ணுக்குத் தெரியாத வெப்பமாற்றிக் குழாய்களிலும் படிகிறது. அறைக்குள் சூடான காற்றை ஊதும் விசிறி அந்தக் குழாய்களைத் தடவித்தான் சூட்டை எடுத்து வருகிறது. அவற்றின் மேல் கரிப்படலம் போர்வை மாதிரி உட்கார்ந்துவிட்டால் அதே அளவு பெல்லட்டுக்குச் சூடு குறைகிறது. சூடு போதவில்லையே என்று நாம் தீயைக் கூட்டுவோம், கூடுதல் சூடு புகைக்குழாய் வழியாகத் தெருவுக்குப் போகும். நன்றாக எரிந்த தீயிலும் சாம்பல் படியும்தான். ஆனால் அது வெளிர் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி இருக்கும், சுரண்டும் கம்பியை நாலு இழுப்பு இழுத்தால் உதிர்ந்துவிடும், கண்ணாடியை உலர்ந்த துணியால் ஒரு தடவு தடவினால் போதும். சிம்மில் வருகிற கரி ஒட்டும். ஈரத்துணியில் சாம்பலைத் தொட்டுத் தேய்க்க வேண்டும், தூரிகை வேண்டும், சாம்பல் உறிஞ்சும் வாக்குவத்தின் ஃபில்டரும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

முதல் வருடம் இதற்கு எனக்கு தினமும் 20 நிமிடம் போனது, வாரக் கடைசியில் ஒரு மணி நேரம். இப்போது காலையில் 5 நிமிடம், வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம். முதல் வருட ஏப்ரல் கடைசியில் புகைக்குழாயின் 'T' வடிவ இணைப்பில் சுத்தம் செய்ய இருக்கும் மூடியைத் திறந்தபோது கறுப்பாகக் கொட்டியதைப் பார்த்துப் பயந்தே போனேன், 3 அங்குலக் குழாய் பாதியாகக் குறுகியிருந்தது. குழாய் அடைத்தால் இழுவை குறையும், இழுவை குறைந்தால் தீ இன்னும் மந்தமாகும், மந்தமான தீ இன்னும் கரி விடும். சிம்மில் ஓட்டுவதன் பெரிய ஆபத்து இந்தச் சுழல்தான்.

பெல்லட் செலவும் குறைந்தது. என் ஸ்டவ் லோவில் மணிக்கு ஒன்றரை பவுண்டு தின்னும், அதாவது நாளுக்கு 36 பவுண்டு. 40 பவுண்டு மூட்டை ஏறக்குறைய காலி. அவ்வளவு சூடு அக்டோபர் பகலில் வீட்டுக்குத் தேவையே இல்லை, மத்தியானம் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம். எரித்து அணைக்கும் முறையில் நடுத்தர தீ மணிக்கு 3 பவுண்டு எடுக்கிறது, ஆனால் நாளுக்கு 7, 8 மணி நேரம்தான் எரிகிறது. வீட்டுக்கு வேண்டியது குறைந்த சூடு. அதைக் குறைந்த தீயில்தான் எடுக்க வேண்டும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டதுதான் முதல் வருடத் தப்பு.

இதிலும் குறை உண்டு. பற்றவைக்கும் முதல் ஐந்து, பத்து நிமிடம்தான் ஸ்டவ்வின் மிக அழுக்கான நேரம், வெள்ளையாகப் புகை வரும். பக்கத்து வீட்டு ஜன்னல் உங்கள் குழாய்க்கு நேரே இருந்தால் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பற்றவைக்கும் பாகமான இக்னைட்டர் சூடேற வேண்டும், அது தேய்கிற பொருள். என்னுடையது இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு பிப்ரவரி இரவில் செத்துப்போனது. 100 டாலருக்குள் புதிது வாங்கி நானே மாட்டினேன், ஆனால் அன்று இரவு வீடு குளிர்ந்துதான் போனது. ஸ்டவ் கூடவே வந்த இக்னைட்டர் என்பதால் அதற்கு ஏற்கெனவே எத்தனை வயது என்று தெரியாது, எனவே எத்தனை தடவை தாங்கும் என்று என்னிடம் கணக்குக் கேட்காதீர்கள். நடுத்தர தீயில் விசிறிச் சத்தமும் லோவைவிட அதிகம். வரவேற்பறையில் யாராவது படுத்தால் தூக்கம் கலையும்.

அதனால்தான் தெர்மோஸ்டாட்டின் ஸ்விங்கை, அதாவது எத்தனை டிகிரி இறங்கினால் பற்றவைப்பது என்ற அளவை, மாற்றுவது முக்கியம். வாங்கும்போது ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினாலே பற்றவைக்கும்படி இருந்தது, நாளுக்கு 8, 9 தடவை எரிந்து அணைந்தது. கிண்ணம் முழுச் சூடு பிடிப்பதற்குள் அணைந்தால் சிம்மைவிட மோசம். ஸ்விங்கை 3 டிகிரியாக்கினேன், தெர்மோஸ்டாட்டை ஸ்டவ்வின் எதிர்ச்சுவரிலிருந்து கழற்றி வீட்டுக்குள் இருக்கும் நடைவழிக்கு மாற்றினேன். இப்போது மூன்று, நான்கு தடவைதான், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் எரிகிறது. வீட்டுச் சூடு ஃபாரன்ஹீட்டில் 66-க்கும் 69-க்கும் நடுவே ஏறி இறங்கும். ஒரு போர்வையைக் காலில் போட்டுக்கொண்டால் அது தெரிவதில்லை. காலையில் கிண்ணத்தைச் சுரண்டி, இக்னைட்டர் ஓட்டை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், அதைத் தவறவிட்ட நாட்களில்தான் என் ஸ்டவ் பற்றாமல் நின்றிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சிம்மில்தான் ஓட்டுவேன் என்றால், அல்லது ஓட்டியே ஆக வேண்டும் என்றால், எனக்குக் கொஞ்சமாவது பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். பெல்லட்டை முதலில் பாருங்கள். பைன், ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபர் போன்ற மென்மரப் பெல்லட் சாம்பல் குறைவாகவும் சூடு கூடுதலாகவும் தந்தது. மென்மரம் என்றால் பிசின் ஒட்டும் என்ற பயம் பெல்லட்டுக்குப் பொருந்தாது, அவ்வளவு காய்ந்தது அது. நீளமான பெல்லட் ஆகரில் குறுக்கே மாட்டும், ஒரு விநாடித் தீனியில் ஒரு தடவை ஆறு விழும், அடுத்த தடவை ஒன்றுதான் விழும், அதனால் குட்டையாக ஒரே அளவில் இருக்கும் மூட்டை நல்லது. அடியில் தங்கும் தூளைச் சலித்துவிடுங்கள். கதவு விளிம்பில் காற்று புகாமல் அடைக்கும் கேஸ்கெட்டில் ஒரு டாலர் நோட்டை வைத்து மூடி இழுங்கள், நழுவி வந்தால் கேஸ்கெட் போயிற்று, கிண்ணத்தின் வழியாகப் போக வேண்டிய காற்று அங்கே திருட்டுத்தனமாக நுழைகிறது. தீயின் நிறத்தைப் பாருங்கள்: மஞ்சளாகக் குட்டையாகத் துடிப்பாக இருந்தால் சரி. சோம்பலாக ஆரஞ்சு நிறத்தில் நுனி கறுத்து ஆடினால் காற்று பற்றாது, பெல்லட் துள்ளி வெளியே விழுந்தால் காற்று அதிகம். இவை எல்லாவற்றையும்விட உதவியது, காலையிலும் இரவிலும் அரை மணி நேரம் ஹையில் ஓட்டியது. படிந்த கரியில் பாதி அதில் எரிந்துபோகும்.

எந்த முறை என்றாலும் ஒவ்வொரு தளத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும்.

டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இந்த ஆராய்ச்சிக்கே வேலை இல்லை, ஸ்டவ் தானாகவே நாள் முழுக்க நடுத்தர தீயில் ஓடும். ஏப்ரலில் பகல் 15 டிகிரியைத் தொட ஆரம்பித்ததும், பற்றவைப்பது நாளுக்கு ஒரு தடவையாகக் குறையும், விடியற்காலை ஐந்து மணிக்கு. அந்த வாரத்தில் தொட்டியில் புதிதாகப் பெல்லட் கொட்டுவதை நிறுத்திவிட்டு, இருப்பதை எரித்துத் தீர்க்கிறேன், கோடைகால ஈரத்தில் ஆகருக்குள் ஊறி இறுகிவிடக் கூடாது என்று.