ஆறு வருஷம், மூன்று தொற்று: எங்கள் வீட்டுக் கணினியும் ஸ்பைவேரும்

இந்தக் கணினி எங்கள் வீட்டுக்கு வந்து 2025 நவம்பரோடு ஆறு வருஷம். அதற்கு முன் கோயம்புத்தூரில் ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வந்த செகண்ட் ஹேண்ட் இயந்திரம். ஏழாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. காந்திபுரத்தில் வாங்கி, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கோத்தகிரி பக்கத்து அரவேணு வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அதைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்தது இன்னும் ஞாபகம்.

இதில் நடக்கிற வேலை பெரிதாக ஒன்றுமில்லை. ஃபேக்டரிக்குத் தேயிலை போட்ட கணக்கு எக்ஸெல்லில் இருக்கிறது. பட்டா, சிட்டா பிரின்ட் எடுப்பேன். மகளுக்குக் கல்லூரி வேலை. லீவுக்கு வந்தால் மச்சான் மகனுக்கு கேம். இப்படிப்பட்ட சாதாரண வீட்டுக் கணினியை ஸ்பைவேர் என்கிற உளவு நிரல் வைத்து யார் வேவு பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நானும் இருந்தேன். மூன்று முறை பட்டேன்.

முதலாவது, பென்டிரைவ். 2020 தொடக்கத்தில் கோத்தகிரி ஜெராக்ஸ் கடை ஒன்றில் நிலப் பத்திரத்தை ஸ்கேன் செய்து பென்டிரைவில் வாங்கி வந்தேன். வீட்டில் செருகிப் பார்த்தால் ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறி. அளவு 2 கேபி. ஃபோல்டருக்கு ஏது 2 கேபி என்று யோசிக்கிற அறிவு அன்று இல்லை, டபுள் கிளிக் செய்தேன். அது ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட். அதைத் தட்டினால் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஓடி கணினிக்குள் குடியேறிவிடும். நமக்குச் சந்தேகம் வராதபடி உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். அதன் பிறகு நாம் செருகுகிற ஒவ்வொரு பென்டிரைவுக்கும் அதுவே தொற்றும்.

அப்போது காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் ஒன்று வைத்திருந்தேன். குறை சொல்லக் கூடாது, ஸ்கிரிப்டை அன்றைக்கே பிடித்து அழித்துவிட்டது. ஆனால் ஷார்ட்கட்டுகளும் சேர்ந்து போய், பென்டிரைவ் காலி என்று காட்டியது. பத்திரம் போச்சு என்று வயிறு கலங்கிவிட்டது. திருடனைப் பிடித்தார்கள், அவன் ஒளித்துவைத்த பொருளை எடுத்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். கோப்புகளை 'மறைந்தவை' என்று மட்டுமல்லாமல் 'சிஸ்டம் கோப்புகள்' என்றும் அந்த ஸ்கிரிப்ட் குறித்துவைத்திருந்தது. அதனால் வியூ டேபில் ஹிடன் ஐட்டம்ஸ் டிக் செய்தும் ஒன்றும் தெரியவில்லை. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் போய், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கிற டிக்கை எடுத்த பிறகுதான், பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் பத்திரமாக இருந்தது தெரிந்தது. உங்கள் பென்டிரைவ் காலியாகத் தெரிந்தாலும் கொள்ளளவில் பாதி நிறைந்திருப்பதாகக் காட்டினால், அவசரப்பட்டு ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவதைத் தொற்று என்று சொல்வதே தப்பு. 2021-ல் ஆன்லைன் வகுப்புக் காலம். திரையின் வலது கீழ் மூலையில் நிமிஷத்துக்கு ஒரு பெட்டி முளைத்தது: உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள், உடனே சுத்தம் செய்யுங்கள். பார்க்க ஆன்டிவைரஸ் கம்பெனி அனுப்பியது போலவே இருக்கும். டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். 800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். பத்தாவது நாள் அதே பெட்டி மறுபடி வந்தது.

மகள்தான் கண்டுபிடித்தாள். பாடப் புத்தகம் தேடிப் போன ஒரு தளம், "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்தவும்" என்று கேட்டிருக்கிறது. இவளும் அழுத்தியிருக்கிறாள். அது ரோபோ சோதனை இல்லை, அறிவிப்பு அனுப்ப நாம் கொடுக்கிற அனுமதி. பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தின் பெயரை நீக்கினோம். ஒரு நிமிஷ வேலை. அந்தப் பெட்டியைக் கிளிக் செய்து, அது காட்டுகிற 'கிளீனரை' இறக்கியிருந்தால் மட்டும்தான் உண்மையான தொற்று. 800 ரூபாய்க்கு அன்றைய இலை விலையில் எத்தனை கிலோ என்று மனைவி கணக்குப் போட்டுச் சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை.

மூன்றாவதுதான் விவகாரம். 2022 மே. கோடை லீவுக்கு வந்த மச்சான் மகன், வீடியோ எடிட் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றின் உரிமப் பூட்டை உடைத்த 'கிராக்' பதிப்பைக் காசில்லாமல் இறக்கினான். அதற்குள் நான் காசு கொடுத்த ஆன்டிவைரஸை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. சந்தா முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே தினமும் "புதுப்பி, புதுப்பி" என்று அது போட்ட கூச்சல் தாங்க முடியவில்லை, பழைய கணினியும் அதைச் சுமந்து திணறியது. அதைக் கழற்றியதும் விண்டோஸிலேயே இருக்கிற டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிட்டது. வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒதுங்கிக்கொள்வதும், அது போனால் திரும்ப வருவதும் அதன் வழக்கம். "டிஃபெண்டரா, அது ஒன்றுக்கும் ஆகாது" என்று சொல்பவர்கள் விண்டோஸ் 7 கால ஞாபகத்தில் பேசுகிறார்கள். அப்போது அது ஸ்பைவேரை மட்டும் பார்க்கிற சின்ன நிரல். அதன் பிறப்பே அப்படித்தான், 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கி, அதன் ஸ்பைவேர் தடுப்பு நிரலைத்தான் பிற்பாடு டிஃபெண்டர் ஆக்கினார்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது முழு ஆன்டிவைரஸ் ஆகிவிட்டது.

சரி, பையன் கதைக்கு வருவோம். இறக்கிய கோப்பு பாஸ்வேர்டு போட்ட ஜிப். பாஸ்வேர்டு பக்கத்திலேயே எழுதியிருந்தது. பூட்டும் போட்டு சாவியையும் வாசலில் தொங்கவிடுவார்களா? ஸ்கேனர் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு. கூடவே ஒரு குறிப்பு: நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ஏண்டா, அதை எதுக்கு ஆஃப் பண்ற?"

"மாமா, கிராக்னா எல்லாம் இப்படித்தான். சும்மா தப்பா வைரஸ்னு காட்டும்."

சும்மா காட்டவில்லை. நாலாம் நாள் இரவு என் ஜிமெயிலில், கேள்விப்படாத ஊரிலிருந்து யாரோ உள்நுழைந்ததாக எச்சரிக்கை வந்தது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தேன், ஆனால் ஓடிபி எதுவும் வரவில்லை. கதவு பூட்டியபடியே இருக்க, ஆள் மட்டும் உள்ளே.

உடனே டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுத்தேன். வழக்கமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கிற ஃபுல் ஸ்கேன் நாலே நிமிஷத்தில் முடிந்து, தொல்லை எதுவும் இல்லை என்று பச்சை டிக் காட்டியது. அந்த நாலு நிமிஷம்தான் உறுத்தியது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், அதற்குள் மேனேஜ் செட்டிங்ஸ், கடைசி வரை கீழே இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று நாம் விலக்கி வைக்கிற இடங்கள். நான் அங்கே எதையும் சேர்த்ததே இல்லை. திறந்து பார்த்தால் ஒரே வரி: சி டிரைவ், முழுசாக.

பாதுகாப்பை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் விண்டோஸே அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். வந்தவனுக்கு அது தெரியும். அதனால் காவல்காரனை அனுப்பிவிடாமல், வாசலிலேயே நிற்கச் சொல்லி, வீட்டுக்குள் மட்டும் பார்க்காதே என்று எழுதி வைத்திருக்கிறான். உங்கள் கணினியிலும் அந்தப் பட்டியலை இப்போதே ஒருமுறை பாருங்கள். காலியாக இருக்க வேண்டும்.

அந்த வரியை நீக்கினேன். தீய நிரல்களைத் தேடி நீக்கும் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பை இறக்கி ஓட்டினேன். 61 உருப்படிகள். பெரும்பாலும் பிரவுசரில் ஒட்டிய விளம்பரக் குப்பை. இரண்டின் பெயர் மட்டும் ஸ்பைவேர் என்றே தொடங்கியது. அடுத்து டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். இது கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும் முன்பே சுமார் 15 நிமிஷம் தேடும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்கிறவை இதில் சிக்கும். எங்களுக்குக் கோடை மழை, இடி. பாதியில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் அப்போது இல்லை. கரண்ட் வந்ததும் இரண்டாம் முறை முதலிலிருந்து.

எல்லாம் சுத்தம் என்று வந்த பிறகும் மனம் ஒப்பவில்லை. நான்கு நாள் உள்ளே இருந்தவன் வேறென்ன செய்து வைத்தானோ. தம்பி வீட்டுக் கணினியில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆவணங்களும் புகைப்படங்களும் மட்டும் தனியே எடுத்து, டிரைவ் முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவினேன். ஓர் இரவும் மறுநாள் காலையும் ஆயிற்று. பாஸ்வேர்டு திருடும் வகை என்று தெரிந்தால் இதுதான் சரி என்பது என் எண்ணம். விளம்பரக் குப்பைக்கு இவ்வளவு வேண்டாம்.

இதில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஒன்று உண்டு. எச்சரிக்கை வந்த பதற்றத்தில் அதே கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினேன். திருடன் பார்க்கப் பார்க்கப் புதுப் பூட்டு போட்ட கதை. மறுநாள் கைப்பேசியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினால் மட்டும் போதாது, எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட் கொடுக்க வேண்டும். பொருட்காட்சியில் வெளியே போய்த் திரும்புகிறவர்களுக்குக் கையில் சீல் குத்துவார்களே, பிரவுசரில் இருக்கும் குக்கி அப்படித்தான். இந்த நிரல்கள் பாஸ்வேர்டோடு அந்தச் சீலையும் நகல் எடுத்துப் போகும். ஓடிபி வராததற்குக் காரணம் அது. சைன் அவுட் கொடுத்தால்தான் பழைய சீல் செல்லாமல் போகும். வங்கிக் கணக்கை நான் கணினியில் திறப்பதில்லை, பணம் போகவில்லை. போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

அந்த இரவுக்குப் பிறகு மூன்றரை வருஷமாக ஒன்றும் வரவில்லை. அதற்கு எந்த ஸ்கேனரையும்விட, அட்மின் கணக்கைத் தினசரி வேலையிலிருந்து பிரித்ததைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். எதையும் மாற்ற அதிகாரம் உள்ள அட்மின் என்று தனியே ஒரு கணக்கு. நான், மகள், பையன் எல்லோரும் சாதாரண ஸ்டாண்டர்டு கணக்கு. பெரும்பாலான சாஃப்ட்வேர்களை நிறுவினாலும், எக்ஸ்க்ளூஷன்ஸில் கை வைத்தாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அது என் மனைவிக்கு மட்டும் தெரியும். பையன் சமையலறை வாசலில் போய் நின்று, "அத்தை, இது எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தாலே பாதி சாஃப்ட்வேர்கள் தேவையில்லை என்று ஆகிவிடுகின்றன. எனக்கும் அதே வரிசைதான். பிரின்டர் டிரைவர் போட, ஒருமுறை ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் நிறுவ என்று இதுவரை கேட்டது விரல் விட்டு எண்ணக்கூடியது.

ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறியது யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானுக்காக. போலி டவுன்லோட் பொத்தான்கள் பெரும்பாலும் விளம்பரங்கள்தான், அதை வைத்தால் அவை கண்ணிலேயே படுவதில்லை. க்ரோம் தன் விதிகளை மாற்றியதால் அதில் இப்போது லைட் பதிப்புதான் ஓடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரெபுடேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன் என்ற இடத்தில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் சுவிட்ச் என் கணினியில் அணைந்து கிடந்தது. போட்டுவிட்டேன். கோப்புப் பெயரின் வால் முழுவதும் தெரியும்படி வைத்தேன், பிடிஎஃப் என்று வேஷம் போட்டு வருகிற இஎக்ஸ்இ நிரல் அப்போதுதான் மாட்டும்.

மால்வேர்பைட்ஸ் மாதம் ஒருமுறை ஓடும். 14 நாள் சோதனைக் காலம் முடிந்தால் அது காவல் காக்காது, நாம் கூப்பிட்டால் வந்து தேடிக் கொடுக்கும். எனக்கு அது போதும். விளம்பரக் குப்பைக்கு மட்டும் என்றால் அதே கம்பெனியின் அட்வ்கிளீனர் இன்னும் லேசு, நிறுவவே வேண்டாம். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. கருவி தந்த கம்பெனிகளில் சென்னைக்காரர்களான கே7 உண்டு. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரிஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகம் கூட்டுகிறேன் என்று வருகிற கிளீனர்கள் பக்கமே நான் போவதில்லை. 2017-ல் சிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே விஷமிகள் கை வைத்து, கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே ஏறக்குறைய ஒரு மாதம் அது இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெராக்ஸ் கடைக்கென்று ஒரு தனி பென்டிரைவ், மேலே சிவப்பு நெயில் பாலிஷ் பூசி ஆணியில் தொங்குகிறது. வேறெதுவும் அதில் ஏறாது. திரும்பி வந்ததும் ஸ்கேன், பிறகு ஃபார்மட்.

இனி இருக்கிற ஒரே கவலை வயசு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. ஏழாம் தலைமுறை ஐ3 என்பதால் விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டதும், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் காசில்லாமல் கிடைத்தன. டிஃபெண்டர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும், கீழே இருக்கிற விண்டோஸில் ஓட்டை அடைபடவில்லை என்றால் பயனில்லை, அதனால் அந்தத் தேதியைத் தாண்டி இதை இணையத்தில் விடமாட்டேன். அதற்குள் இலைக்கு நல்ல விலை வந்தால் வேறு கணினி. வராவிட்டால் இதிலேயே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். மகள் இப்போதே ஒரு பென்டிரைவில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பிரின்டர் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.