பார்க்கில் ‘ஆர்மி’ பயிற்சி: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

அண்ணா நகர், முகப்பேர் பக்கம் காலையில் வாக்கிங் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஜூன் மாதம் எங்கள் தெருவை ஒட்டிய மாநகராட்சிப் பூங்காவில் ஒருத்தர் கமாண்டோ பேன்ட்டும் விசிலுமாக வந்து இறங்கினார். ‘ஆர்மி ஸ்டைல் பூட் கேம்ப்’. மெட்ராஸ் ரெஜிமென்ட் எக்ஸ்-ஹவில்தாராம். காலை ஐந்தரைக்கு இருபது பேர் வரிசையாக பர்ப்பி போடுவதைப் பார்த்ததும் எனக்கும் ஒரு வேகம். சுகர் வேறு பார்டரில் இருந்தது. மூன்று மாதத்துக்கு 7,500, டி-ஷர்ட்டுக்கு 900, மொத்தமாக ஜிபே பண்ணினேன். ரசீது கேட்டால், “ஸ்கிரீன்ஷாட்தான் சார் ரசீது” என்றார். அங்கேயே முழித்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் நான் ஐந்து நிமிஷம் லேட். எல்லார் முன்னாலும் தண்டனை: நடைபாதையை வாத்து நடையில் ஒரு சுற்று வர வேண்டும். குத்தவைத்த மேனிக்கு, பேவர் பிளாக் தரையில், நாற்பத்தாறு வயசு ஆள். பாதிச் சுற்றில் இடது முட்டியில் ‘மளுக்’கென்று ஒரு சத்தம். வலிக்குது என்றேன். “பெயின் எல்லாம் மைண்ட்ல சார், மூவ் மூவ்!” வெட்கத்தில் மீதிச் சுற்றையும் முடித்தேன் பாருங்கள், அது என் கிறுக்குத்தனம். வீடு வருவதற்குள் கால் வீங்கிவிட்டது. ஸ்கேனில் ஜவ்வு கிழிசல். சேரும்போது முட்டி வலி உண்டா, பிரஷர் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை அந்த மனுஷன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ரீஃபண்ட் கிடையாது, அடுத்த பேட்ச்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.” அடுத்த பேட்ச் எங்கே? அனுமதி வாங்கவில்லை என்று வாட்ச்மேன் கேட்டிலேயே மறித்துவிட்டார். வகுப்பு ஒரு காலி மனைக்குப் போனது, பிறகு ரோட்டோரம், பிறகு வாட்ஸ்அப் குரூப்பே காணோம்.

எதிர்வீட்டுப் பெரியவர் ரிட்டயர்டு சுபேதார். கதையைக் கேட்டுவிட்டு, “டிரெய்னிங் எங்கன்னு சொன்னான்?” என்றார். பரங்கிமலை என்றேன். சிரித்துவிட்டார். “தம்பி, பரங்கிமலை ஆபீசருங்களுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் ஜவானுக்கு குன்னூர் பக்கம் வெலிங்டன். டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டுன்னிருந்தா அன்னிக்கே ஓடியிருப்பான்.”

நிஜமான முன்னாள் படைவீரர் என்றால் அடையாள அட்டை வைத்திருப்பார், காட்டச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டார். பூங்காவில் வகுப்பு நடத்த மாநகராட்சி கொடுத்த அனுமதி எங்கே என்றும் கேளுங்கள். மாசாமாசம் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறதென்று தெரியும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார் கட்டணம் கிடையாது. ஸ்கிரீன்ஷாட், ஸ்கேன் ரிப்போர்ட், டிரையல் அன்று எடுத்த போட்டோ எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அந்த பேட்ச்சில் கட்டிய மற்றவர்களும் வந்தால் சேர்ந்தே போடலாம்.

நேற்று அவர் ஸ்டேட்டஸில் புது போஸ்டர். இந்தத் தடவை போரூர்ப் பக்கம். முதல் 20 பேருக்கு டி-ஷர்ட் ஃப்ரீயாம்.